கட்டில் போட்ட வண்டி

போன வாரம் ஏன் எழுதவில்லை என்று நிறையப் பேர் கேட்டீர்கள். ஆஸ்பத்திரியில் இருந்தேன். எனக்கு ஒன்றுமில்லை... என் அண்ணன் பேரன் ஆரோனுக்கு. ரெண்டு வயசு. தொடை எலும்பு முறிந்துவிட்டது.

எப்படி என்று சொல்கிறேன். கோபமாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் மகனுக்குக் கனடாவில் வேலை. லீவு கிடைக்காததால் மனைவி ஷீபாவையும் பிள்ளையையும் மட்டும் சங்கரன்கோவிலுக்கு அனுப்பியிருந்தான். அந்தப் பெண் வரும்போதே காரில் குழந்தையை உட்கார வைக்கிற சீட்டையும் தூக்கிக்கொண்டு வந்தாள். "ஊர்ல எல்லாரும் சாக்லேட்டும் சென்ட்டும் கொண்டுவருவாக, இவ நாற்காலி கொண்டுவந்திருக்கா" என்று வீட்டில் ஒரே சிரிப்பு.

எல்லாருமாகக் கன்னியாகுமரி போகலாம் என்று அண்ணன் ஒரு கேரவனை வாடகைக்குப் பிடித்தார். உள்ளே சோபா, அடுப்பு, ஃப்ரிட்ஜ், பின்னால் ஒரு கட்டில்! தறியை நிறுத்திவிட்டுத் தெருவே வந்து எட்டிப் பார்த்தது. முன்பக்கம் பார்த்த சீட்டு ஒன்றில் ஷீபா குழந்தை சீட்டை இறுக்கிக் கட்டி, ஆரோனை உட்கார வைத்து பெல்ட் மாட்டினாள். அண்ணன் ஜெபம் பண்ணினார். புறப்பட்டோம்.

நான் டிரைவர் பக்கத்தில். பெல்ட் போட்டிருந்தேன். உயிருக்குப் பயந்தா? கேமராவுக்குப் பயந்து!

ஊர் எல்லைகூடத் தாண்டவில்லை, ஆரோன் அழ ஆரம்பித்தான். நம் வீடுகளில் பிள்ளை சிரிக்கும்வரைதான் தாயின் பிள்ளை. அழுதால் ஊர்ப் பிள்ளை. ஆளுக்கொரு யோசனை.

"ஏட்டி ஷீபா, பிள்ளையை என்ன இப்படிக் கட்டிப் போட்டிருக்க? அவுத்து விடு" — இது அண்ணன் மகள் ஜெயா.

"வண்டி ஓடும்போது அவுக்கக் கூடாது மதினி. கொஞ்ச நேரத்துல பழகிருவான்."

"இது வண்டியா? வீடு மாதிரில்லா இருக்கு! எங்க கையில குடுத்தா பிள்ளை தேஞ்சா போயிருவான்?"

அண்ணனும் சேர்ந்துகொண்டார். "ஜெபம் பண்ணிட்டுத்தானம்மா கிளம்பியிருக்கோம். கர்த்தர் பாத்துக்கிடுவார்."

இதற்கு மேல் ஒரு மருமகள் என்ன பேசுவாள்? புருஷனும் கூட இல்லை. இன்னொரு தரம் மறுத்தால் 'வெளிநாட்டுத் திமிர்' என்று பேர் வரும். "அவ சொல்லுதது சரிதான், விடுங்க" என்று நான் முன்னாலிருந்து சொன்னேன். "சித்தப்பா, அதைப் பத்திரிகையில எழுதுங்க, போதும்" என்றாள் ஜெயா. எல்லாரும் சிரித்தார்கள். ஷீபாவும் சிரித்தாள், பாவம். பெல்ட்டைக் கழற்றினாள்.

பிள்ளை மடி மாறி மடி போனான். அப்படியே தூங்கிவிட்டான். ஜெயா அவனைக் கட்டிலில் கிடத்தி, வீட்டில் செய்வதைப் போலவே ரெண்டு பக்கமும் தலையணையை அணைவாக வைத்தாள். "பாரு, இப்ப எவ்வளவு நிம்மதியாத் தூங்குதான்!"

பனவடலிசத்திரம் தாண்டி ஓர் ஆட்டு மந்தை ரோட்டில் ஏறியது. பெரிய வேகம் ஒன்றுமில்லை. டிரைவர் பிரேக்கை மிதித்தார். ஓர் ஆட்டுக்கும் அடி இல்லை.

தலையணைகள் ரெண்டு பக்கமும் இருந்தன. பிள்ளை போனது முன்பக்கம்.

அடுப்பு மேடையில் மோதி விழுந்தவன் போட்ட சத்தம்... வேண்டாம். இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

ஜெயா சயின்ஸ் டீச்சர். ஓடுகிற பஸ் சட்டென்று நின்றால் பயணி ஏன் முன்னால் சாய்கிறார்? — வருஷா வருஷம் அவள் பிள்ளைகளுக்கு நடத்துகிற பாடம். நமக்குப் படிப்பு பரீட்சைக்கு, பெல்ட் கேமராவுக்கு, ஜெபம் மற்ற எல்லாவற்றுக்கும்! உள்ளே ஒரு கட்டிலைப் போட்டுவிட்டால் கீழே சக்கரம் உருள்வதே மறந்துபோகிறது.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இடுப்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டு. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் ஷீபாவைத்தான் கேட்டார்கள். "தாய்க்காரி நீ என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்த?" கனடாவிலிருந்து புருஷனும் போனில் அதையே கேட்டான். "பிறகு எதுக்கு அந்தச் சீட்டைத் தூக்கிட்டுப் போன?" ஜெயா சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாளே தவிர, 'நான்தான் அவுக்கச் சொன்னேன்' என்று வாய் திறக்கவில்லை. நான் போனை வாங்கி நடந்ததைச் சொன்னேன்.

டிஸ்சார்ஜ் அன்று அண்ணன் கார் கொண்டுவந்தார். விறைத்து நின்ற மாவுக்கட்டுக் காலோடு ஆரோன் அந்தச் சீட்டில் அடங்கவில்லை. "மடியில வச்சுக்கிட்டு மெதுவாப் போயிரலாம்" என்றார் அண்ணன்.

ஷீபா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "சின்ன மாமா, ஆம்புலன்ஸ் சொல்லுங்க. ஸ்ட்ரெச்சர்ல பெல்ட் இருக்கும்."

"ஏம்மா, குணமாகி வார பிள்ளையை ஆம்புலன்ஸ்லயா வீட்டுக்குக் கொண்டுபோவாக? என்னமோ ஏதோன்னு தெருவே கூடிரும்!" — மறுபடியும் அண்ணன்.

கூடட்டும் என்று நான் ஆம்புலன்ஸ் சொன்னேன். பெல்ட் மாட்டியதுமே ஆரோன் வீறிட்டான். பாதி வழி வந்தும் நிற்கவில்லை. கூட வந்த அண்ணனுக்குத் தாங்கவில்லை. "கொஞ்சம் லூசாவது பண்ணும்மா... பிள்ளை அழுவுதான்லா?"

ஷீபா அவன் நெற்றியைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"அழட்டும் மாமா. அழுறதுக்குப் பிள்ளை இருக்கான்லா."