பள்ளிக்கு அனுப்பாத குளிர்காலம்

நகரின் மையமான டவுன்டவுனில் ஒரு கல்லூரிக்குள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்தான். என் கணவரின் அலுவலகம் அதற்கு அடுத்த தெருவில். மாணவர்கள் ஓடி வந்ததை அவர் நேரில் பார்த்தார். அவர்களில் ஒரு பெண் அலுவலக வரவேற்பறையில் மேசைக்கடியில் புகுந்துகொண்டு, போலீஸ் வந்த பிறகும் வெளியே வர மறுத்தாளாம். அவளுடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவளுக்குக் குரல் எழவில்லை. இவர்தான் எடுத்து, உங்கள் மகள் உயிரோடு இருக்கிறாள் என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் எங்கள் மகளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவளுக்கு ஒன்பது வயது.

"இனிமே இவ ஸ்கூலுக்குப் போக வேண்டாம். நீயே வீட்ல சொல்லிக் குடு" என்றார்.

நாங்கள் குடியிருந்த புறநகரான இல்-பிசாரில் அவள் படித்த பள்ளியில் பெரிதாக ஒரு சண்டைகூட நடந்ததில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அந்தக் கல்லூரியிலும் நேற்றுவரை அப்படித்தான் என்றார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

கணக்கும் ஆங்கிலமும் சொல்லித்தர முடிந்தது. அவள் பள்ளியில் படித்த பிரெஞ்சில் அவள்தான் என் உச்சரிப்பைத் திருத்தினாள். பனி கொட்டத் தொடங்கியபின் திருத்துவதையும் விட்டுவிட்டாள். காலையில் பள்ளி பஸ் தெருமுனைக்கு வரும் நேரத்தில் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று தானே போய்ப் பார்க்கவும் ஆரம்பித்தாள்.

ஒரு சனிக்கிழமை மளிகை வாங்க, தமிழ்க் கடைகள் இருக்கும் வில்லரே பகுதிக்குப் போனோம். மகள் காரைவிட்டு இறங்க மாட்டேன் என்றாள்.

"உள்ள நிறைய பேர் இருக்காங்கம்மா."

கணவரை அவளோடு விட்டுவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். கல்லாவில் இருந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு எங்களை நன்றாகத் தெரியும். பிள்ளை எங்கே என்று கேட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்கட பள்ளிக்கூடத்திலை ஷெல் விழுந்துதான் தம்பி செத்தவன். பேந்து பள்ளிக்கூடம் திரும்பத் திறக்க, அம்மா என்னை அனுப்பினவ."

அப்படியென்றால் அனுப்பத்தான் வேண்டுமா என்று கேட்டேன்.

"அதை எப்பிடிச் சொல்லுறது அக்கா? நான் வருமட்டும் அம்மா சாப்பிடாமல் வாசல்லையே நிண்டவ. சாகுமட்டும் அவவுக்கு அந்தப் பயம் போகேல்லை."

திரும்பும் வழியில் அதைக் கணவரிடம் சொன்னேன். பின்சீட்டில் மகள் தூங்கிப்போயிருந்தாள். வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகும் அவர் இறங்கவில்லை.

"அவ கடைக்குள்ள வரவே பயப்படுறா. என் பயத்த அவளுக்குக் குடுத்துட்டேன்" என்றார்.

பனி கரையும் முன்பே அவளை மறுபடி பள்ளியில் சேர்த்தோம். அவளுடைய தோழிகள் அதற்குள் வேறு ஜோடி சேர்ந்திருந்தார்கள். கதவுக்குப் பக்கத்து இருக்கையைத்தான் அவள் கேட்டு வாங்கினாள் என்று ஆசிரியை சொன்னார். பள்ளியைப் பற்றி முன்பெல்லாம் ஓயாமல் பேசியவள், இப்போது கேட்டால் மட்டும் நல்லா இருந்தது என்பாள்.

அவளை அனுப்பியது சரிதான் என்று இருவருமே சொல்லிக்கொண்டதில்லை. அவர் மதியம் அலுவலகத்திலிருந்து போன் செய்வார். சாப்பிட்டாயா என்று கேட்பார். நான் சாப்பிட்டேன் என்பேன். போனை வைத்துவிட்டு, மூடிவைத்த தட்டைத் திறக்காமல், பள்ளி பஸ் வரும் தெருமுனை தெரிகிற ஜன்னலருகே போய் நிற்பேன்.