பெட்டிக்குப் பொட்டு, புத்தகத்துக்கு லாரி

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். கோபத்தில் எழுதினால் வரிசை குழம்பும். வரிசை குழம்பினால் தப்பு என் தலையில் விழும். ஏற்கெனவே ஒரு தடவை விழுந்தது.

1. சுங்காய்க்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டம் கைமாறியது. துரை பங்களா ஸ்டோரில் கிடந்த மின்சாமான்களை எங்கள் முதலாளி மொத்தமாக எடை போட்டு வாங்கி வந்தார். ஈப்போவில் அவருடைய ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் கடையில்தான் அப்போது எனக்கு வேலை.
2. அந்தக் குவியலில் ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. அது என்ன கருவி என்று கண்டுபிடித்தது நான்.
3. மூன்று மாதம் அதைச் சரிசெய்ததும் நான்.
4. ஆயுத பூசைக்கு முந்தின நாள் லீவு எடுத்துக்கொண்டு பீடோருக்கு, அம்மா வீட்டுக்குப் போனேன்.
5. பூசையன்று திரும்பி வந்தபோது பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். பெட்டியின் புத்தகத்தைக் காணோம்.

இனி விவரம்.

பெட்டியில் தயாரித்தவர் பெயர் இல்லை. பெயர்த்தகட்டை யாரோ கழற்றியிருந்தார்கள். நான்கு ஆணித் துளைகள் மட்டும் மிச்சம். கடையின் மூத்த மெக்கானிக்கை எல்லாரும் அண்ணே என்போம். அவர் பெட்டியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னார்.

"தங்கச்சி, இது தோட்டத்துல பால் நிறுக்கிற தராசு லா."

நான் தோட்டத்தில் பிறந்தவள். ரப்பர்ப் பால் நிறுக்கும் தராசு எனக்குத் தெரியும்.

மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே கம்பிகள் மேலெல்லாம் மஞ்சள் வார்னிஷ் பூசியிருந்தது. சூடும் ஈரமும் உள்ள நாடுகளுக்குப் போகும் ராணுவச் சாமான்களுக்குப் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் பூசுவது அது. மூன்று வால்வுகள், ஒரு கிரிஸ்டல், ஐயாயிரம் பிரிவுகள் உள்ள ஒரு டயல். வயர்லெஸ் எந்த அலைவரிசையில் பேசுகிறது என்று துல்லியமாக அளக்கும் மீட்டர் அது. கம்யூனிஸ்ட் கலவரக் காலத்தில் தோட்டத்தில் வயர்லெஸ் வைத்திருந்தபோது வந்திருக்க வேண்டும்.

மூடியின் உட்புறத்தில் ஒரு புத்தகம் செருகியிருந்தது. அட்டை இல்லை, ஓரங்களைக் கரப்பான் தின்றிருந்தது. பக்கம் பக்கமாக எண்கள். முதல் பக்கத்திலும் பெட்டியின் அடித்தகட்டிலும் ஒரே வரிசை எண் அடித்திருந்தது. இந்த வகைக் கருவியில் டயல் தனியாக எதையும் சொல்லாது. டயல் காட்டும் எண்ணைப் புத்தகத்தில் தேடினால்தான் அலைவரிசை தெரியும். ஒவ்வொரு பெட்டிக்கும் தொழிற்சாலையில் தனித்தனியாக அளந்து எழுதிய புத்தகம் அது. வேறு பெட்டியின் புத்தகம் உதவாது. புத்தகம் இருந்தால் கருவி, இல்லாவிட்டால் இரும்பு. இதை முதலாளியிடம் இரண்டு தடவை சொன்னேன். அண்ணேயிடம் மூன்று தடவை.

பெட்டியின் பேட்டரி அறையில் எலிக்கூடு. அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கரண்டில் ஓட ஒரு சின்ன பவர் சப்ளை கட்டினேன். கசிந்த கெப்பாசிட்டர்களை மாற்றினேன். வால்வுகள் நன்றாக இருந்தன, அவற்றை மாற்றவில்லை. டயல் பக்கம் கையே வைக்கவில்லை. புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, 'வீசாதீர்கள்' என்று தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டி, பெட்டியின் மேல் வைத்துவிட்டுத்தான் ஊருக்குப் போனேன்.

பூசையன்று கடை முழுக்கச் சாம்பிராணிப் புகை. பட்டறை மேசையில் ஸ்க்ரூ டிரைவர்கள், மல்டிமீட்டர்கள், சால்டரிங் அயர்ன் எல்லாம் பொட்டோடு வரிசையாக இருந்தன. நடுவில் என் பெட்டி, மல்லிகைச் சரத்தோடு. பக்கத்துத் தட்டில் கடையின் ரசீதுப் புத்தகங்கள், மஞ்சள் தடவி.

"அண்ணே, இதோட புத்தகம் எங்கே?"

"எந்தப் புத்தகம்?"

"மேல வெச்சிருந்தேன். பிளாஸ்டிக் பையில."

"அந்தக் கரப்பான் தின்ன பேப்பரா? நேத்து கடையைக் கழுவுனோம். பழைய பேப்பர் லோரி வந்துச்சு, எல்லாத்தையும் ஏத்தி விட்டாச்சு. சாமி கும்பிடுற எடத்துல குப்பை வெக்கக்கூடாது தங்கச்சி."

"அதுல எழுதி ஒட்டியிருந்தேனே!"

"பையைத்தான வீசாதேன்னு எழுதியிருந்தே. பை அங்கதான் இருக்கு, பாரு."

பை உண்மையிலேயே அங்கே இருந்தது. அதில் வாழைப்பழம் வைத்திருந்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி சுண்டல் சாப்பிட்டபடியே தீர்ப்புச் சொன்னார். "முக்கியமான சாமான்னா பூட்டி வெச்சிருக்கணும்மா. தப்பு உன் மேலதான்."

கலைமகளுக்குப் படையல் போடும் நாளுக்காகக் கடையைச் சுத்தம் செய்து, அந்தக் கடையில் படிக்கத் தகுந்ததாக இருந்த ஒரே புத்தகத்தை லாரியில் ஏற்றியிருக்கிறார்கள். ரசீதுப் புத்தகத்துக்கு மஞ்சள்! அதை நினைத்தால் இன்றும் எனக்குக் காது சுடுகிறது.

மறுநாள் புந்தோங்கில் பழைய பேப்பர் சேர்க்கும் கொட்டகைக்குப் போனேன். ஆளுயரக் கட்டுகள். கொட்டகைச் சீனர் என்னைக் கொஞ்ச நேரம் தேட விட்டுவிட்டுச் சொன்னார். "தங்காச்சி, நேத்து லோரி சுடா பெர்கி கிலாங் லா." லாரி நேற்றே கிலாங்கில் உள்ள காகித ஆலைக்குப் போய்விட்டது.

அழவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன்.

கருவிக்குள் இருக்கும் கிரிஸ்டல் மாறாத ஓர் அலைவரிசையைத் தரும். அதோடு கருவியின் சொந்த அலைவரிசை நெருங்கும்போது ஹெட்ஃபோனில் சீழ்க்கை கேட்கும். டயலை மெல்லத் திருகினால் சீழ்க்கை தடித்து, இறங்கி, அடங்கிப் போகும். அடங்கும் இடத்தில் டயல் காட்டும் எண்ணை எழுத வேண்டும். இப்படிக் கிடைக்கும் நிச்சயமான இடங்கள் குறைவு. அவற்றுக்கு இடையில் வருபவற்றைக் கணக்குப் போட்டுத்தான் நிரப்ப வேண்டும். காதால் கேட்டு அளந்ததை மையில் எழுதினேன். கணக்கிட்டதைப் பென்சிலில் எழுதினேன். எது எந்த வகை என்று முதல் பக்கத்தில் குறித்தேன். ஐந்து மாதம், கடை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில். "தங்கச்சி சாமியாராயிட்டா, காதுல மந்திரம் கேக்குது" என்றார் அண்ணே.

புத்தகம் முடிந்ததும் முதலாளிக்குத் திடீரென்று அக்கறை வந்தது. தொலைத்தொடர்பு இலாகாவில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் இப்படிப்பட்ட கருவிகளைச் சேர்க்கிறார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"அவர் வர்றதுக்குள்ள இந்தப் பக்கத்தையெல்லாம் கொஞ்சம் தே ஓ தண்ணியில நனைச்சு எடும்மா. பழசு மாதிரி இருக்கும். ஒரிஜினல்னு சொல்லிடலாம்." தே ஓ என்றால் பால் ஊற்றாத டீ.

"முடியாது முதலாளி. பென்சில் அழிஞ்சிரும். எது அளந்தது, எது கணக்குப் போட்டதுன்னு தெரியாமப் போயிரும்."

"அது யாருக்கும்மா தெரியப் போவுது?"

அடுத்த திங்கட்கிழமை வந்து பார்த்தேன். முதல் எட்டுப் பக்கங்கள் பழுப்பாக, சுருங்கி, வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. பென்சில் எண்கள் சாம்பல் நிறத் தீற்றலாகக் கிடந்தன. அவற்றுக்கும் முன்னால் நான் குறிப்பு எழுதியிருந்த பக்கம் கிழிக்கப்பட்டிருந்தது. முதல் புத்தகம் போனது தெரியாத்தனத்தால். அதை ஒருநாள் மன்னித்துவிடுவேன் என்று வைத்துக்கொள்ளலாம். இது தெரிந்தே செய்தது.

யாழ்ப்பாணத்துப் பெரியவர் அன்று பிற்பகலே வந்தார். முதலாளி அவருக்கு நாற்காலி போட்டார்.

"ஒரிஜினல் புக்கு சார். பெட்டியோடயே வந்தது."

பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பக்கங்களைப் புரட்டினார். எட்டாம் பக்கம் வரை பழுப்பு. ஒன்பதாம் பக்கத்தில் இருந்து நோட்டுப் புத்தகத்தின் வெள்ளை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, இது ஆர் எழுதினது?"

உண்மையைச் சொன்னால் வேலை போகும் என்பது முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் இருந்தது. அண்ணே சால்டரிங் அயர்னைக் கீழே வைத்தார்.

"நான் எழுதினேன் ஐயா. ஒரிஜினலை லோரியில ஏத்திட்டாங்க. வெள்ளைப் பக்கத்தை நம்பலாம். மை அளந்தது, பென்சில் கணக்கு. பழுப்புப் பக்கத்தை நம்பாதீங்க. அது தே ஓ."

அவர் ஹெட்ஃபோனை வாங்கி மாட்டிக்கொண்டார். வெள்ளைப் பக்கத்தில் மூன்று இடங்களைத் தாமே சோதித்தார். மூன்றும் சரியாக வந்தன.

"நீர் செய்த வேலை சரி, பிள்ளை" என்றார். முதலாளி பக்கம் திரும்பினார். "ஆனால் உம்மட்ட நான் ஒண்டும் வாங்கேலாது." போய்விட்டார்.

"வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா இன்னைக்கு வித்திருக்கும்!" என்று முதலாளி கத்தினார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். நோட்டும் பேனாவும் நான் வாங்கியவை, ஞாயிற்றுக்கிழமைகளும் என்னுடையவை என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியேறினேன். அண்ணே வாசல் வரை வந்தார். "வாரேன்னு சொல்லிட்டாவது போ தங்கச்சி" என்றார். சொல்லவில்லை.

இப்போது கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் கருவிகளைச் சோதிக்கும் பிரிவில் இருக்கிறேன். கெட்டுப்போன எட்டுப் பக்கங்களை மறுபடி அளந்து எழுதப் பெட்டி வேண்டும். பெட்டி ஈப்போ கடையில் இருக்கிறது. போன ஆயுத பூசைக்கும் அதற்குப் பொட்டு வைத்தார்களாம். புத்தகம் என்னிடம் இருக்கிறது. அவர்கள் கேட்கவில்லை. நான் கொடுக்கவில்லை.