இரட்டித்தால் குறையும் சிவப்பு

அமெரிக்காவின் சுகர் லேண்டில் எங்கள் ஜெபக்கூட்டம் வெள்ளிக்கிழமைதோறும் வீடு மாறி நடக்கும். எந்த வீட்டில் கூடுகிறோமோ அந்த வீட்டார்தான் வேதத்திலிருந்து செய்தி கொடுக்க வேண்டும். எங்கள் முறை வரும்போதெல்லாம் என் கணவர் பேசிவிடுவார். அந்த வாரம் அவர் ஊரில் இல்லை. நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் நானே பேசுவதாகச் சொன்னேன். மகளின் நீச்சல் வகுப்புக்கு வெளியே காரில் உட்கார்ந்து, ஒரு வருடமாக போனில் எபிரேயம் படித்திருந்தேன்.

லேவியராகமத்தில் துணியில் தெரியும் கறையைப் பற்றிய வசனத்தை எடுத்துக்கொண்டேன். மூல எபிரேயத்தில் அந்தக் கறையின் நிறம் அதம்தம்.

"ஆதோம்னா சிவப்பு. கடைசி ரெண்டு மெய்யையும் திரும்பச் சொன்னா அதம்தம். இன்னிக்குப் பேசுற எபிரேயத்துல அது லேசான சிவப்பு. கெலெவ்னா நாய், க்லவ்லவ்னா நாய்க்குட்டி. எழுத்து கூடுது, பொருள் சின்னதாகுது."

"இல்ல சிஸ்டர்," என்று குறுக்கே வந்தார், கூட்டத்தை நடத்தும் டாக்டர். எபிரேயத்தில் ஓர் எழுத்தும் அறியாதவர். "நம்ம செக்கச்செவேல் மாதிரிதான். ரெண்டு தடவ சொன்னா டபுள் ஸ்ட்ராங். காமன் சென்ஸ்!"

"வேதத்துல வர்ற இடத்துக்கு அப்படியும் சிலர் அர்த்தம் சொல்றாங்க டாக்டர். ஆனா..."

"பாத்தீங்களா! போன்ல படிச்சா இப்படித்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். "விடுங்க, சிஸ்டரோட பிரியாணிக்குத்தானே வந்தோம்," என்றாள் அவர் மனைவி. சிரிப்பைவிட அதுதான் சுட்டது.

அதன்பின் இருபது நிமிடம் அவரே பேசினார். செய்தி எழுதிவைத்த என் நோட்டு மடியில் கிடந்தது. அவர் தொண்டையைச் செருமும் சத்தம்கூட எனக்கு வெறுப்பாக இருந்தது.

"சிஸ்டர், க்ளோசிங் ப்ரேயர் பண்ணுங்க," என்று முடித்தார். முடிவு ஜெபம் வீட்டாருடையது. அதற்கு முன் யாரும் தட்டைத் தொடமாட்டார்கள். எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. வாயையும் திறக்கவில்லை.

ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள். "மம்மி, ஐ ஆம் ஹங்ரி," என்றது ஒரு குழந்தை.

"சிஸ்டர்?"

"நான் இன்னும் செய்தி முடிக்கல டாக்டர்." நோட்டைத் திறந்தேன். "மூணு பக்கம் இருக்கு."

அவர் வாட்சைப் பார்த்தார். பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. ஆறட்டும். நிமிர்ந்து பார்க்காமல், ஒரு வரி விடாமல் மூன்று பக்கத்தையும் வாசித்தேன். பிறகுதான் ஜெபம் செய்தேன்.

ஆமென் சொன்னதும் டாக்டர் சாப்பிடாமல் கார் சாவியை எடுத்தார். இருங்கள் என்று நான் சொல்லவில்லை.