பிரசவ வார்டு நிலை

ராயபுரத்திலிருந்து எண்ணூர் போகிற கடலோரச் சாலையில், கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஐரீனின் கடை இருக்கிறது. கடை என்றதும் கூரையும் பெயர்ப்பலகையும் தேடக்கூடாது. இடித்த வீடுகளின் கதவுகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். ஜன்னல்கள் கம்பியோடு அடுக்கியிருக்கும். பின்னால் ஆள் உயரத்துக்குப் பழைய செங்கல். நடுவில் பழைய கப்பலில் கழற்றிய ஒரு நாற்காலி, அதில் ஐரீன். ஊருக்கெல்லாம் கதவு விற்கிறவளின் சொந்த வீட்டு வாசலில் பத்து வருடமாகத் தார்ப்பாய்தான் தொங்குகிறது. நல்ல கதவு வந்தால் எவனாவது வாங்கிக்கொண்டு போய்விடுகிறான், மட்டமான கதவை நான் ஏன் மாட்டவேண்டும் என்பது அவள் நியாயம்.

அவள் இந்தத் தொழிலுக்குச் சித்தாளாக வந்தவள். கல்யாணமான புதிதில், ஒரு பழைய மச்சு வீட்டை இடிக்கிற இடத்தில் வேலை கிடைத்தது. செங்கல்லையெல்லாம் சம்மட்டியால் நொறுக்கி இடிபாடு ஏற்றும் ரப்பீஸ் லாரியில் அள்ளிக் கொட்டச் சொன்னார் மேஸ்திரி. ஐரீன் ஒரு செங்கல்லைக் கொத்துக்கரண்டிக் காம்பால் தட்டிப் பார்த்தாள். சுண்ணாம்புக் காரை பொலபொலவென்று உதிர்ந்து, செங்கல் முழுசாகக் கையில் வந்து உட்கார்ந்தது.

"சுண்ணாம்புல கட்னது மரியாதையா பிரிஞ்சி வருது. சிமெண்ட்ல கட்னதுதான் ஒடைஞ்சாலும் வுடமாட்டேங்குது" என்றாள். "எங்க வூட்டுக்காரன் சிமெண்ட்டு."

அன்றைக்குச் சாயந்திரமே அந்தச் செங்கல்லை மாட்டுவண்டியில் ஏற்றி, கோழிக்கூண்டு கட்டிக்கொண்டிருந்த ஒருவனுக்கு விற்றாள். அப்புறம் அவள் சம்மட்டியைத் தொடவில்லை. இடிக்கப்போகிற வீட்டை இடிக்க விடாமல் கழற்றுவதே அவள் தொழில் ஆயிற்று. முதலில் ஓடு, அப்புறம் தேக்குச் சட்டம், அப்புறம் ஜன்னல், கடைசியில் வாசல் நிலை.

இந்த நிலையில்தான் பேஜாரு. செங்கல்லுக்கு யாரும் ஊர் பேர் கேட்பதில்லை. வாசல் நிலை வாங்க வருகிறவன் மட்டும் மரத்தைப் பார்ப்பதில்லை, அதன் ஜாதகத்தைக் கேட்பான். யார் வீட்டு நிலை, அந்த வீட்டில் என்ன நடந்தது, ஏன் இடித்தார்கள். கடன்பட்ட வீட்டு நிலை ஆகாது, அகாலச் சாவு விழுந்த வீட்டு நிலை ஆகவே ஆகாது. அதனால் ஐரீன் எல்லாருக்கும் ஒரே ஜாதகம் சொல்வாள்.

"நூத்திரண்டு வயசு கெழவி வாழ்ந்த வூடு நைனா. தூக்கத்துலயே பூட்சி."

அவள் கணக்குப்படி பார்த்தால் ராயபுரத்தில் நூறு வயசுக்குக் குறைந்து எவரும் செத்ததில்லை. சனிக்கிழமைதோறும் மாதா கோயிலில் செய்த பாவத்தையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறவள்தான். ஆனால் இதை மட்டும் சாமியாரிடம் சொன்னதில்லை. அது வியாபாரம், பாவத்தில் சேராது என்று அவளே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள்.

இப்படி இருக்கையில் ஒரு மூடிப்போன ஆஸ்பத்திரியைக் கழற்றுகிற வேலை வந்தது. அங்கே இரண்டு பெரிய நிலைகள் கிடைத்தன. இரண்டும் பர்மா தேக்கு, எட்டடி உயரம், ஐந்தடி அகலம், ஒரே தச்சன் செய்தது. ஒன்று பிரசவ வார்டு நிலை. இன்னொன்று பிணம் வைக்கிற அறையின் நிலை. மாறிவிடக் கூடாதே என்று ஐரீன் சாக்பீஸால் பிரசவத்துக்கு ஒரு வட்டமும் பிணத்துக்கு ஒரு சிலுவையும் போட்டுவைத்தாள்.

அந்த டிசம்பரில் புயல் வந்தது. கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் மூன்று நாள் நின்றது. எண்ணெய்ப் படலம் வேறு மிதந்து வந்தது. தண்ணீர் வடிந்தபோது வட்டமும் இல்லை, சிலுவையும் இல்லை. இரண்டு நிலையும் எருமை மாதிரிக் கறுத்துக் கிடந்தன. காஸ்டிக் சோடா போட்டுத் தேய்த்துக் கழுவினாள். அப்போது பூசி அடைத்திருந்த பழைய பெயிண்டு உரிந்து, ஒரு நிலையில் இடுப்பு உயரத்தில் நெடுகக் காயம் தெரிந்தது. தள்ளுவண்டி இடித்து இடித்துப் பள்ளம் விழுந்த காயம். இன்னொன்று மழமழவென்று இருந்தது.

ஐரீன் யோசித்தாள். பிரசவ வார்டில்தான் ராப்பகலாகக் கூட்டம். வண்டி போய் வந்துகொண்டே இருக்கும். பிண அறைக்கு என்றைக்கோ ஒன்றுதான் போகும். ஆகவே காயம்பட்டதுதான் பிரசவ வார்டு. யோசனை சரியாகத்தான் இருந்தது. அதனால்தான் அது அவளை ஏமாற்றியது.

அடுத்த மாதம் திருவொற்றியூர்க் குப்பத்திலிருந்து குணசுந்தரி வந்தாள். மீன் விற்கிறவள். அவள் புருஷன் சுப்புராயன் காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கிறான். பத்தொன்பது வருடம் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில், மூன்றாம் மாடியில் இருந்துவிட்டு, இப்போதுதான் சொந்தமாக வீடு கட்டுகிறார்கள். வரும்போதே தலையில் காலி அன்னக்கூடையோடு வந்தாள்.

"இன்னா குணா, கூடைய எறக்கி வையேன்" என்றாள் ஐரீன்.

"எறக்கமாட்டேன் யக்கா. இதோட பூந்து பார்த்துதான் நிலை வாங்குவேன். அந்த வூட்ல பத்தொம்போது வருசம் குனிஞ்சி குனிஞ்சி கய்த்து போச்சி. ரெண்டு வாட்டி கூடை நிலையில மாட்டி வவ்வாலு மீனு பூரா படிக்கட்ல உருண்டுச்சி. எம் வூட்ல நா குனியமாட்டேன்."

ஒவ்வொரு நிலையாக நிமிர்த்தச் சொல்லி, கூடையோடு நுழைந்து பார்த்தாள். சிலுவை போட்டதாக நினைத்த நிலையை மட்டும் ஐரீன் நிமிர்த்தவில்லை. மற்றதெல்லாம் இடித்தது. காயம்பட்ட நிலை ஒன்றில்தான் ராணி மாதிரிப் போனாள், வந்தாள், மறுபடி போனாள்.

"யாரு வூட்டு நிலை யக்கா?"

வழக்கமான நூற்றிரண்டு வயசுக் கிழவி ஐரீனின் நாக்கு நுனி வரை வந்துவிட்டாள். ஆனால் இந்த ஒருமுறை அவளிடம் அதைவிட நல்ல ஜாதகம் இருந்தது.

"பிரசவ வார்டு நிலை குணா. ஆயிரம் கொயந்த இது வழியா வந்துகீது."

குணசுந்தரி நிலையைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்காத குறை. மற்றதை, அதாவது பிண அறை நிலை என்று நினைத்ததை, எம்.கே.பி. நகரில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருக்கும் சுஃபியானுக்கு உண்மையைச் சொல்லியே விற்றாள். "ஆட்டுக்கு இன்னாத்துக்கு ஜாதகம்" என்று அவன் கொட்டகை வாசலில் அதை நட்டுக்கொண்டான்.

குணசுந்தரி வீட்டில் மஞ்சள் பூசி, நவதானியம் போட்டு, நிலை வைத்தார்கள். மேலே கான்கிரீட் போட்டு, சுவர் எழும்பி, பூச்சும் முடிந்தது. வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். புதன்கிழமை பந்தக்கால் நட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தெரு அலெக்ஸாண்டர் வீடு பார்க்க வந்தார். மூடிப்போன அந்த ஆஸ்பத்திரியிலேயே முப்பது வருடம் வார்டு பாயாக இருந்தவர். பெயர்தான் பாய், வயசு எழுபது. வாசலுக்கு வந்தவர் அங்கேயே நின்று, அந்தக் காயத்தைத் தடவிப் பார்த்தார்.

"இது நம்ம பொண ரூம் நிலையாச்சே" என்றார்.

"பிரசவ வார்டு நிலை அண்ணே" என்றாள் குணசுந்தரி.

"இன்னாம்மா நீ. இந்த அடி எல்லாம் நா இட்ச்சதும்மா. புள்ளத்தாச்சிய இட்ச்சா ஆஸ்பத்திரியே அதிர்ற மாதிரி கத்துவா, அப்பால டாக்டரம்மா வந்து கத்தும். அங்க பூப்போல தள்ளிகினு போவோம். பொணம் இன்னா, கத்தவா போவுது."

அங்கே இருந்த அத்தனை பேரும் வாசலைவிட்டு இரண்டடி பின்னால் போனார்கள். சுப்புராயன் கடப்பாரையைத் தேடப் போனான். நிலையைப் பிடுங்கினால் மேலே கான்கிரீட் விரிசல் விடும், சுவர் பிளக்கும், வெள்ளிக்கிழமை முகூர்த்தம் போகும் என்று கொத்தனார் கெஞ்சினார். குணசுந்தரி ஐரீனுக்குப் போன் போட்டாள்.

"யக்கா. நாளைக்கு சாயந்திரம் வரைக்கும் இவர புட்ச்சி வெச்சிகினு இருக்கேன். வந்து பதில் சொல்லு. இல்லன்னா கடலோரத்துல ஒரு குப்பத்துலயும் ஒன்னாண்ட ஜன்னலு கூட வாங்கமாட்டானுங்க."

ஐரீனுக்கு அலெக்ஸாண்டர் சொன்னது கேட்டவுடனே புரிந்துவிட்டது. கத்தாதவனைத்தான் எல்லாரும் இடிப்பார்கள். தன் வீட்டுக்காரனோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் இது உறைக்கவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். நல்ல நிலையைக் கொண்டுபோய் எதிரே வைத்துவிட்டால் பாதிக் கோபம் தணியும் என்று வியாழக்கிழமை காலை ஷேர் ஆட்டோ பிடித்து எம்.கே.பி. நகர் போனாள். சுஃபியான் கொட்டகை வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். பிரசவ வார்டு நிலை வழியாக ஆடுகள் புழுக்கை போட்டபடி போய் வந்துகொண்டிருந்தன.

"சுஃபியான், இந்த நிலைய திருப்பிக் குட்றா. வேற தரேன்."

"ஏன், இதுக்கு இன்னா வந்துச்சி?"

பொய் சொல்ல வாயைத் திறந்தாள். பழக்கம். ஆனால் ஆட்டுக்கு நூற்றிரண்டு வயசுக் கிழவி உதவமாட்டாள் என்று பட்டது.

"மாத்திக் குட்துட்டேன். இது பொண ரூம் இல்ல. பிரசவ வார்டு."

சுஃபியான் டீ கிளாஸைக் கீழே வைத்தான். உள்ளே எட்டிப் பார்த்தான். "அதான் பார்த்தேன். இத நட்டதுலேந்து வந்த ஆடெல்லாம் ரெண்டு ரெண்டா குட்டி போட்டுகினு கீது. கறிக்கு வாங்கியாந்ததும் சேத்து. இப்ப எதையும் வெட்ட மனசு வரல. நிலைய தரமாட்டேன் யக்கா. கெளம்பு."

எவ்வளவோ பேசிப் பார்த்தாள். அவன் ஒரு குட்டியைத் தூக்கி அவள் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

குட்டியை இறக்கிவிட்டு, வெறுங்கையோடு குப்பத்துக்குப் போனாள். பந்தலின் கீழே சுப்புராயன் கடப்பாரையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குணசுந்தரி வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவளை இடிக்காமல் நிலையைத் தொட முடியாது.

"பொண ரூம்னு தெரிஞ்சிதான் குட்தியா?" என்றாள் குணசுந்தரி.

"தெரியாது குணா. பிரசவ வார்டுன்னும் தெரியாது. மழையில கோடு அழிஞ்சிபோச்சி. நானா ரோசன பண்ணி, இதான்னு சொல்ட்டேன். நெசமான பிரசவ நிலையில இப்ப ஆடு பூருது, கறிக்கடக்காரன் திருப்பித் தரமாட்டேன்றான். தெரியலன்னு சொல்லிருக்கணும். வாய் வரல. இத்தினி வருசத்துல ஒருத்தங்களாண்ட கூட தெரியலன்னு சொன்னதில்ல." புடவையில் ஒட்டியிருந்த ஆட்டு மயிரைத் தட்டினாள். "ஊருக்கெல்லாம் சொல்ற அந்த நூத்திரண்டு வயசு கெழவியும் கெடையாது."

சாமியாரிடம் சொல்லாததை ஒரு மீன்காரியிடம் சொல்லிவிட்டோமே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. சுப்புராயன் எழுந்தான்.

"கேட்டியா? நாளு தவறாம கடலுக்குப் போறவன் நானு. பொண ரூம் வாசல் வழியா போய், போன வழியே வருவேனா? நவுரு."

குணசுந்தரி நகரவில்லை. "உம் போட்டுல கீற இன்ஜினு எதுலேந்து கய்ட்னது?"

"லாரிலேந்து."

"எந்த லாரி?"

சுப்புராயன் கடப்பாரையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"நா சொல்றேன். நெல்லூராண்ட கவுந்த லாரி. டிரைவரு அங்கியே காலி. அந்த இன்ஜினு உன்ன பதினோரு வருசமா இட்டுகினு போய் இட்டுகினு வருது. மேல போட்ட பலக எதுலேந்து வந்துது? கடலோட போன கன்னியப்பன் போட்டு, கரையில வந்து ஒடைஞ்சது. அதுக்கெல்லாம் நீ இன்னா ஜாதகம் பார்த்த? வெல கம்மின்னு பார்த்த. அதெல்லாம் செத்தவன் சாமான்தான். உனக்கு ஒயச்சிகினுதான் கீது."

"அது போட்டு. இது வூடு."

"அக்காங். போட்டு முயுவுனா சாவு. வூட்டு நிலை இன்னா பண்ணும், கடிக்கவா போவுது. நா குனியாம பூர்ற நிலை இந்தப் பட்டணத்துல இது ஒண்ணுதான் கீது. இன்னொண்ணுல ஆடு பூருதாம்."

கொத்தனார் மெதுவாக வந்து சுப்புராயன் கையிலிருந்து கடப்பாரையை வாங்கிக்கொண்டார். அவனும் கொடுத்துவிட்டான்.

குணசுந்தரி இப்போது ஐரீன் பக்கம் திரும்பினாள். "உன்ன வுட்டுட்டேன்னு நெனைக்காத. நாளைக்கு காத்தால வந்து சந்தனத் தட்டோட இந்த வாசல்ல நிக்கிற. வர்றவங்க ஒவ்வொருத்தராண்டயும் இது எந்த நிலைன்னு நீயே உன் வாயால சொல்ற. யாரும் பின்னாடி குசுகுசுன்னு பேசக்கூடாது."

"இருநூறு பேரு வருவாங்க குணா."

"இருநூறு வாட்டி சொல்லு."

பாவத்துக்குப் பரிகாரமாகச் சாமியார் இதுவரை பத்து அருள்நிறை மரியே ஜெபத்துக்கு மேல் கொடுத்ததில்லை. ஐரீன் வெள்ளிக்கிழமை விடிவதற்குள் வந்து நின்றாள். முதலில் பசுமாடு. பெரும்பாலும் புது வீட்டு வாசலில் பசு முரண்டு பிடிக்கும், கொம்பு இடிக்கும், நாலு பேர் பின்னால் தள்ளவேண்டும். இந்தப் பசு அகலமான வாசலைப் பார்த்தது, தன் வீடு மாதிரி உள்ளே போயிற்று, ஹால் நடுவில் தாராளமாகச் சாணி போட்டது. இதைவிட நல்ல சகுனம் கிடையாது என்று ஐயரே சொல்லிவிட்டார். பசுவுக்குப் பின்னால் குணசுந்தரி, பட்டுப்புடவையோடு, தலையில் அன்னக்கூடை நிறைய பழமும் பூவும் வைத்து, நிமிர்ந்து நுழைந்தாள். சுப்புராயன் கடைசியாக, சுவரோரமாக, தோளைக் குறுக்கிக்கொண்டு நுழைந்தான். அவ்வளவு அகலம் இருந்தும்.

ஐரீன் தட்டை நீட்டி நீட்டிச் சொன்னாள். "சந்தனம் எடுத்துக்கோங்க. இது பொண ரூம் நிலை. நாந்தான் தெரியாம வித்தேன்." சிலர் முகம் சுளித்தார்கள், சிலர் சிரித்தார்கள். அலெக்ஸாண்டர் வந்து, தான் இடித்த இடத்தில் தானே சந்தனம் தடவினார். நூற்றைம்பது பேருக்குப் பிறகு குரல் கட்டிவிட்டது. அப்போது ஒரு படகுக்காரன் நிலையை முழம் போட்டுப் பார்த்துவிட்டு அவளருகே வந்தான்.

"சோக்கா கீது யக்கா. இதே சைஸ்ல நல்ல வூட்டு நிலை எதுனா கீதா உன்னாண்ட?"

நூற்றிரண்டு வயசுக் கிழவி தொண்டை வரை வந்தாள். ஐரீன் நிமிர்ந்து பார்த்தாள். உள்ளேயிருந்து குணசுந்தரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீது" என்றாள் ஐரீன். "ஆனா ஆடு குடியிருக்குது."