தி. நகரில் மூன்று தட்டு

திருச்சியிலிருந்து வந்தவள், ஒரு பழைய சகோதரர் சங்கத்தின் வாசலில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறேன். மூன்று தலைமுறையாக ஏழைக் குழந்தைகளுக்குப் பால் வழங்குவதாகச் சுவரில் கல்வெட்டு. இடுப்பில் பசியோடு என் ஒன்றரை வயது மகன்; புட்டி காலி.

"பால் கேட்கலாமாக்கா?" என்கிறேன், படி துடைக்கும் பெண்ணிடம்.

"உள்ள ரகசிய மீட்டிங் நடந்துகினு கீதும்மா. மூணு தட்டு தட்டுனா மெம்பரு. அப்பதான் தொறப்பாங்க."

தாமதமாக வந்த ஒருவர் மூன்று முறை தட்டி உள்ளே போகிறார். நானும் தட்டினால் தப்பாகுமோ என்று தயங்குகிறேன். மகன் இறங்கிப் போய், புட்டியால் அதேபோல் மூன்று முறை தட்டுகிறான்.

கதவைத் திறந்த கோட்டுக்காரர் முதலில் நேரே பார்க்கிறார், பிறகு கீழே. புட்டியை நிரப்பி வந்து தருகிறார். காய்ச்சிய பாலா என்று நான் கேட்பதற்குள் கதவு மூடிக்கொள்கிறது.

"இன்னாமா, உம் புள்ளய சேத்துக்கினாங்களே!"

குடித்து முடித்தவன் காலிப் புட்டியோடு மறுபடியும் கதவை நோக்கி நடக்கிறான். தடுக்க வேண்டும்தான். நான் கவனிக்காதவள்போல் மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.