விற்பனைக்கில்லாத யாழ்ப்பாணத்துக்காரி

பழைய படம் சேர்க்கிற தொழிலில் முதலில் நட்டமாவது மரியாதைதான். இந்தப் பைத்தியம் பிடித்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எண்பதுகளின் நடுவில் பாரிஸில் நான் கிழமை முழுக்க ஒரு ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவினேன், ஞாயிறுகளில் பழஞ்சாமான் சந்தையில் படம் பொறுக்கினேன்.

நாய்ப் படம்

சந்தையில் கடை விரித்திருந்த ஒரு மதாமின் பெட்டிக்குள், ஈபிள் கோபுரப் படங்களுக்கு நடுவே, மண்ணிறப் படமொன்று கிடந்தது. தோடு போட்ட இளம்பெண். எடுத்தவனைக் கடித்துத் தின்கிற பார்வை. பின்பக்கம் 'யாழ்ப்பாணம், சிலோன்' என்று பிரெஞ்சில் மையெழுத்து. பெயர் இல்லை. ஆசையைக் காட்டினால் விலை ஏறுமே! பக்கத்தில் கிடந்த ஒரு நாய்ப் படத்தைக் கையிலெடுத்து அரைமணி நேரம் புகழ்ந்துவிட்டு, போகிற போக்கில் இதையும் கேட்டேன். மதாம் இரண்டையும் சுற்றித் தந்தாள்.

"நாயை வாங்குகிறவன் இப்படி வேர்க்கமாட்டான், மிஸ்யூ."

துக்க விசாரிப்பு

பிலிப்-து-ஜிரார் தெருவில் நாங்கள் ஆறு பேர் இருந்த அறை. என் கட்டிலுக்கு மேலே அவளைச் சட்டம் போட்டு மாட்டினேன். எங்கள் வீடுகளில் அப்படித் தனியாக ஒரு படம் தொங்கினால் ஆள் உயிரோடு இல்லை என்று அர்த்தம். அறையில் என்னோடு இருந்த ராசன் அண்ணையைப் பார்க்க அவருடைய மாமி பாரிஸுக்கு வெளியே பொபினியிலிருந்து வந்தார். படத்தைக் கண்டதும் கதிரையில்கூட இருக்காமல் என் கையைப் பிடித்து அழத் தொடங்கிவிட்டார். சந்தையில் வாங்கியது என்று சொன்னதும் கையை விட்டார்.

"ஊரிலை இப்ப சாகிற சனம் காணாதெண்டோ தம்பி, காசு குடுத்து வாங்கி மாட்டி வைச்சிருக்கிறீர்?"

முதலாளியின் பேரம்

ரெஸ்ரோறண்ட் முதலாளியும் படம் சேர்க்கிறவர். காலனி நாட்டுச் சனங்களை இனம் இனமாகப் பிரித்து அலுமாரியில் அடுக்கியிருந்தார். சிலோன் தட்டு மட்டும் வெறுமை. என்னிடம் ஒன்று இருப்பதை அறிந்ததும், அதைக் கொடுத்தால் கழுவுகிற தொட்டியிலிருந்து என்னைச் சமையலுக்கு எடுப்பதாகச் சொன்னார். இரண்டு வருடமாக நான் கெஞ்சிய வேலை அது. ஒரு கிழமை யோசித்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் எங்கள் பெண்ணொருத்தியை வண்ணத்திப்பூச்சி மாதிரி ஊசி குத்தி வைக்கக் கொடுப்பதா? முடியாது என்றேன்.

"அவள் உன் சொந்தக்காரியா? பெயர்கூட உனக்குத் தெரியாதே!"

பாதுகாப்பு

படத்தில் புள்ளி விழுகிறது என்று நான் புலம்பியது ராசன் அண்ணையின் காதில் விழுந்திருக்கிறது. ஒருநாள் வேலையால் வந்து பார்த்தால் சட்டம் வெறுமை. அகதி விசாக் கடதாசிக்கு நாங்கள் எல்லோரும் செய்கிற மாதிரி, படத்தையும் கடையில் கொடுத்துச் சூடாகப் பிளாஸ்டிக் அடித்துக் கொண்டுவந்திருந்தார். இனி அதை உரிக்கவே ஏலாது. எனக்குக் கோபத்தில் அழுகை வந்தது. அடுத்த நாள் முதலாளி மறுபடியும் படத்தைக் கேட்டார், கொண்டுபோய்க் காட்டினேன். படத்தைக் கொன்றுவிட்டாய், இனி இது ஒன்றுக்கும் உதவாது என்று கத்தினார். அதைக் கேட்டதும் ஏனோ எனக்குச் சந்தோஷம் பொங்கியது. வீட்டுக்கு வந்து அண்ணையிடம் சொன்னேன்.

"ஓம், பின்னை? இனி அவவை ஆரும் கேக்கமாட்டினம். பொலிஸ் மறிச்சாலும் கசங்கமாட்டா."

அதற்குப் பிறகும் நான் நாலு வருடம் கோப்பைதான் கழுவினேன், அவள் எவனுடைய அலுமாரிக்கும் போகவில்லை.