எமலிங்கத்தில் விழுந்த புரோகிராம்

எண்பதுகளின் கடைசியில் நான் எழுதிய ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமின் எட்டுப் பகுதிகளுக்கும், எங்கள் ஊர் மலையைக் கிரிவலம் வருபவர்கள் வரிசையாகக் கும்பிடும் எட்டு லிங்கங்களின் பெயரை வைத்திருந்தேன். பக்தியால் அல்ல. இவன் நாலு புத்தகம் படித்தவன் என்று என்றைக்காவது யாராவது கண்டுபிடிப்பார்கள் என்ற நப்பாசை.

கார்த்திகை தீபத்துக்கு எங்கள் டிப்போவின் எந்த ஊர் பஸ்ஸை எந்த டிரைவர் ஓட்டுவது என்று அது பட்டியல் அடித்துத் தர வேண்டும். கையால் எழுதவே வேண்டாம் என்று மேலதிகாரியிடம் சத்தியம் செய்தவன் நான். மறுநாள் காலையில் டிரைவர்கள் வந்து நிற்பார்கள். என்னுடையதோ தற்காலிக வேலை.

மத்தியானம் புரோகிராம் பாதியில் செத்துப்போனது. திரை முழுக்க எண்கள். சாவுக்குக் காரணம் அவற்றுக்குள்தான் இருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“என்னப்பா ஆச்சு?” அதிகாரி உள்ளே வந்தார்.

“வோல்டேஜ் கம்மி சார். மிஷின் தாங்கல.”

“அப்ப கரண்ட் ஆபீசுக்கு ஆள் அனுப்பறேன்” என்று வெளியே போனார். ஆள் வந்து வோல்டேஜை அளந்தால் என் கதி? பயம் இரட்டிப்பானது.

அந்த எண்களை மனிதர் படிக்கும்படி மாற்ற ஒரு கட்டளை உண்டு. தட்டினால், புரோகிராம் எந்தப் பகுதி வழியாகப் போய் எதில் விழுந்தது என்று பெயரோடு சொல்லும். தப்புத் தப்பாகத் தட்டி, ஒருவழியாகப் பெயர்கள் வந்தன. மேலே எமன், அடுத்து அக்னி, அதற்கும் கீழே இந்திரன். கடைசியாகப் போன இடம்தான் மேலே வரும்; விழுந்த இடம் எமன்.

எண்ணாக இருந்தவரை அது மிஷினின் குற்றம். படிக்க முடிந்ததும் என் குற்றம். மனிதர் படிக்கும்படி என்றால் எந்த மனிதர் என்று நான் யோசித்திருக்கவில்லை. அதிகாரி திரும்பி வந்து, முதுகுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார்.

“இதெல்லாம் யார் வச்ச பேரு?”

“நான்தான் சார்.”

“அப்ப வோல்டேஜு?”

எமன் பகுதியைத் திறந்தேன். ஊர்ப் பெயருக்கு நான் ஒதுக்கிய இடம் வேங்கிக்காலுக்குத் தாராளம். கீழ்பென்னாத்தூர் அதில் அடங்காமல் பக்கத்து வீட்டுக்குள் காலை நீட்டியிருந்தது. இடத்தைப் பெரிதாக்கி மறுபடி ஓட்டினேன். பிரிண்டர் கத்தத் தொடங்கும்வரை அவர் நகரவில்லை.

பட்டியலைக் கிழித்து எடுத்துக்கொண்டார். “காலையில சீக்கிரம் வந்துடு” என்றார். வேலை தப்பியது. வாசல்வரை போனவர் நின்றார்.

“இந்திரன், அக்னி, எமன். மூணாவதுலயே உக்காந்துட்டியேப்பா. எங்க மாமியார் முட்டி வலியோட எட்டையும் சுத்திட்டு வந்துடறாங்க.”